கருங்கழுகு இவ்வளவு மெதுவாகப் பறந்து எப்படி வேட்டையாடுகிறது?

மலைப்பாதை (கேள்வி):
மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில், மரமுகடுகளை உரசிச் செல்வதுபோல் தாழ்வாகப் பறக்கும் பெரிய கழுகு ஒன்றைச் சில முறை பார்த்திருக்கிறேன். உடல் முழுவதும் கருமையாக இருந்தது. கால்களும் அலகின் அடிப்பகுதியும் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தன. இது கருங்கழுகுதான் என்று உறுதிசெய்ய எவற்றைக் கவனிக்க வேண்டும்? மற்றோர் ஐயமும் உண்டு. வல்லூறு போன்றவை வேகத்தால் இரையை வீழ்த்துகின்றன. இதுவோ சிறகைக்கூட அடிக்காமல் மிதந்து போகிறது. இத்தகைய பறவைக்கு இரை எப்படி அகப்படுகிறது?

சோலைக்குருவி:
வணக்கம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கருங்கழுகுக்கே பொருந்துகின்றன. அறிவியலில் இக்டினேட்டஸ் மலாயென்சிஸ் எனப்படும் இது, தன் பேரினத்தில் உள்ள ஒரே இனம். நீளம் ஏறத்தாழ 70 முதல் 80 செ.மீ.; விரித்த சிறகுகளின் அகலமோ ஒன்றரை மீட்டரைத் தாண்டும். நிறத்தைவிடச் சிறகின் வடிவத்தை நம்புங்கள்: உடலோடு சேரும் இடத்தில் குறுகி, நடுவில் அகன்று, நுனியில் இறகுகள் விரித்த விரல்களைப் போலப் பிரிந்து நிற்கும். மிதக்கும்போது சிறகுகளைச் சற்றே மேல்நோக்கித் தூக்கிப் பிடித்திருக்கும். அமர்ந்திருக்கும் பறவையில் சிறகு நுனிகள் வாலின் முனையை எட்டுவதையும் காணலாம். இளம் பறவைகளின் தலையும் அடிப்பகுதியும் வெளிறியிருக்கும் என்பதால், அவற்றை வேறு இனமாகக் கருதிவிடுவது எளிது. அதே காடுகளில் காணப்படும் குடுமிப் பாம்புக்கழுகின் சிறகிலும் வாலிலும் அகன்ற வெண்பட்டைகள் உண்டு. அது அடிக்கடி உரக்கக் குரலெழுப்பவும் செய்யும். ஆகவே அவ்விரண்டிடையே குழப்பம் வர இடமில்லை.

கூடுதேடி:
வேட்டையைப் பற்றி நான் சொல்கிறேன். மெதுவாகப் பறப்பது இக்கழுகின் குறை அன்று. அதுவே அதன் வேட்டைமுறை. இதன் உணவில் பெரும்பங்கு பிற பறவைகளின் முட்டைகளும் குஞ்சுகளும் ஆகும். இலைகளுக்கிடையே மறைந்திருக்கும் கூடு ஓடிவிடப் போவதில்லை. அதைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது வேகம் அல்ல, ஒவ்வொரு கிளையையும் நின்று நிதானித்துப் பார்க்கும் ஆற்றல். நீண்டு அகன்ற அச்சிறகுகளால்தான் இப்பறவை கீழே விழாமல் அத்தனை மெதுவாக மரமுகடுகளின் மீது உலவ முடிகிறது.

கால்களும் இதற்கேற்பவே அமைந்துள்ளன. பெரும்பாலான கழுகுகளின் நகங்கள் நன்கு வளைந்து இரையைக் குத்திப் பிடிப்பவை. கருங்கழுகின் நகங்களோ வளைவு குறைந்தவை. வெளிவிரல் குட்டையானது, உள்விரலின் நகம் நீண்டது. சிறு கூடுகளை முட்டைகளோடும் குஞ்சுகளோடும் முழுமையாகப் பெயர்த்தெடுத்து, பறந்துகொண்டே உள்ளே இருப்பதை ஆராய்வதற்கும் இது தயங்குவதில்லை. எனக்குத் தெரிந்தவரை, நம் காட்டுக் கழுகுகளில் இத்தனை விசித்திரமான பழக்கம் வேறெதற்கும் இல்லை.

மலைப்பாதை:
இருவருக்கும் நன்றி. ஆனால், கூடுகள் ஆண்டு முழுவதும் இருப்பதில்லையே? இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் இது எதை உண்டு வாழும்?

நீர்மத்தி:
நல்ல கேள்வி. முட்டைத் திருடன் என்ற பெயரை மட்டும் இதற்குச் சூட்டிவிடுவது சரியன்று. அணில்கள், எலிகள், வௌவால்கள், பல்லி வகைகள், பாம்புகள், தவளைகள் என மரத்தின் மேற்பரப்பில் அகப்படும் சிறு உயிர்கள் பலவற்றையும் இது உண்ணும். இதன் நிழல் தெரிந்தாலே மலையணில்கள் எச்சரிக்கைக் குரல் எழுப்புவதுண்டு. அக்குரலைக் கேட்டவுடன் மேலே பார்ப்பது, இப்பறவையைக் காண நல்ல வழி.

கூடுதேடி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இதே பறவை எப்போதும் சோம்பலாகத்தான் பறக்கும் என்று எண்ண வேண்டாம். இணைசேரும் காலத்தில் சிறகுகளை மடக்கிச் செங்குத்தாகப் பாய்ந்து, மீண்டும் அதே வேகத்தில் மேலேறி வளைவு போடும் காட்சியைப் பார்த்தால், நீங்கள் முன்பு கண்ட பறவைதானா என்று ஐயம் எழும். தென்னிந்தியாவில் குளிர்காலத்தின் பிற்பகுதியிலிருந்து கோடைத் தொடக்கம்வரை இது கூடு கட்டுகிறது. ஓர் ஈட்டில் ஒன்று அல்லது இரண்டு முட்டைகள். மரங்கள் அடர்ந்து தொடர்ச்சியாக இருக்கும் மலைச்சரிவுகளையே நாடுவதால், காடு துண்டுபட்ட இடங்களில் இதைத் தேடிப் பயனில்லை.