காது கேளாத பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் சைகை மொழியே பயிற்றுமொழியா?

கரும்பலகை:
ஒன்றாம் வகுப்பிலிருந்தே எல்லாப் பாடமும் சைகை மொழியில் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. பேச்சுப் பயிற்சி கூடாது என்று சொல்லவில்லை, அது தனி வகுப்பாக இருக்கட்டும். கழித்தல் கணக்கு நடக்கும்போது டீச்சரின் உதட்டையும் படிக்கச் சொன்னால் பிள்ளை எதைத்தான் கவனிக்கும்?

வெண்ணிலா_அப்பா:
எனக்கு உடன்பாடில்லை. என் மகளுக்குக் காக்ளியர் கருவி, அதாவது ஒலியை மின்துடிப்பாக மாற்றிக் காது நரம்புக்கு அனுப்பும் கருவி, வைத்திருக்கிறோம். அறுவை சிகிச்சையோடு வேலை முடிவதில்லை. கேட்கும் ஒலியைப் பிரித்தறிய மூளை பழக வேண்டும், அதற்குச் சின்ன வயதுதான் நல்ல காலம். நாள் முழுக்கக் கையால் பேசினால் காதுக்கு என்ன வேலை? வீட்டில் பாட்டியிலிருந்து எல்லாருமே வாயால் பேசுகிறவர்கள்.

கைவிரல்:
நான் காது கேளாதவன், உதட்டைப் பார்த்தே படித்தவன். 'படம்', 'மடம்' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ககரம் வாய்க்குள்ளே பின்பக்கம் பிறப்பது, வெளியே தெரியாது. மிச்சமெல்லாம் ஊகம். ஊகிக்க அந்தச் சொல் முன்பே தெரிந்திருக்க வேண்டும், பாடத்தில் வருவதோ புதுச் சொல். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பினால் அதுவும் போச்சு.

நடுப்பக்கம்:
புத்தகமும் தேர்வும் தமிழில்தானே? சைகை மொழிக்குப் புழக்கத்தில் எழுத்து கிடையாது, சொல் வரிசையும் வேறு. 'அவனை', 'அவனுக்கு', 'அவனோடு' என்ற உருபுகள் எப்படிப் பிடிபடும்?

கரும்பலகை:
நியாயமான கேள்வி. இலக்கணம் வேறாக இருப்பதால்தான் அது தனி மொழி. கைவடிவம், இடம், அசைவு என்று பிரித்து அமெரிக்க சைகை மொழியின் அமைப்பை மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960இலேயே காட்டிவிட்டார். தமிழை எழுத்து வழியாக இரண்டாம் மொழியாகக் கற்பிக்கலாம். பலகையில் வாக்கியத்தை எழுதி, உருபைத் தொட்டுக் காட்டி, அது செய்யும் வேலையைச் சைகையில் விளக்க வேண்டும். ஸ்வீடன் 1981இல் சைகை மொழியை ஏற்றது, 1983இல் இந்த இருமொழி வழியைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. வெண்ணிலா_அப்பா சொல்லும் பேச்சு வழியை ஏற்கெனவே பார்த்தாயிற்று: காது கேளாதோர் கல்விக்குப் பேச்சு வழியே சிறந்தது என்ற 1880 மிலன் மாநாட்டுத் தீர்மானத்துக்குப் பிறகு பல நாடுகளில் சைகையை வகுப்பை விட்டே விரட்டினார்கள். 2010இல் வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

வெண்ணிலா_அப்பா:
1880இல் காக்ளியர் கருவி ஏது? அந்தக் கதையை வைத்து இன்றைய பெற்றோரை அடிக்காதீர்கள். 'சைகை வகுப்பு' என்ற பெயரில் நடப்பதையும் பாருங்கள்: ஆசிரியர் பேசிக்கொண்டே நடுநடுவே நாலு சைகையைத் தூவுவார். அது பேச்சும் இல்லை, சைகை மொழியும் இல்லை. சரளமாகச் சைகை பேசும் ஆசிரியர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கைவிரல்:
அந்தக் குறை உண்மை. அதனால்தான் காது கேளாதவர்களையே தொடக்க வகுப்பு ஆசிரியர்களாக எடுக்கச் சொல்கிறோம். மகளோடு பேசுவதை யாரும் தடுக்கவில்லை. ராத்திரி கருவியைக் கழற்றி வைத்த பிறகு அவளிடம் எப்படிப் பேசுகிறீர்கள்?

வெண்ணிலா_அப்பா:
ஜாடைதான். சரி, மாலையில் ஒரு மணி நேரம் சைகை வகுப்பு வையுங்கள், நானும் வந்து உட்காருகிறேன். கணக்கும் அறிவியலும் பேச்சில்தான் நடக்க வேண்டும்.

கரும்பலகை:
சிக்கலே அந்த இரண்டு பாடத்தில்தான். 'பாதி', 'மீதி', 'ஆவியாதல்' எல்லாம் உதட்டைப் பார்த்து மட்டும் விளங்காது சார்.