சைகையில் பேசும் இரண்டரை வயது மகன்: வீட்டாரையும் பள்ளியையும் எப்படிப் பழக்குவது?

செம்பூர்வாசி:

வணக்கம். மும்பை செம்பூரில் கூட்டுக் குடும்பமாக வசிக்கிறோம். என் மகனுக்கு இரண்டரை வயது. "தாத்தாவின் கண்ணாடியை எடுத்து வா" என்றால் சரியான இழுப்பறையைத் திறந்து எடுத்து வந்துவிடுவான். ஆனால் வாயிலிருந்து வருவது 'ம்மா' என்பதும் சில உயிரொலிகளும்தான், அவையும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக வருகின்றன. ஒலிக்கு மூளை காட்டும் மின்னலைகளை அளக்கும் பெரா (BERA) பரிசோதனையில் செவித்திறனில் குறை இல்லை என்று தெரிந்துவிட்டது. உதடு, நாக்கு அசைவுகளை மூளை வரிசைப்படுத்துவதில் ஏற்படும் சிக்கலாக, அதாவது பேச்சு அப்ராக்சியாவாக இருக்கலாம் என்று பேச்சுப் பயிற்சியாளர் ஐயப்படுகிறார்.

அவர் சொன்னபடி சைகைகளைத் தொடங்கினோம். இப்போது அவனே புதிதாக உண்டாக்குகிறான். தோசை வேண்டுமென்றால் இடது உள்ளங்கையின் மேல் வலது விரல்களை வட்டமாகச் சுழற்றி மாவு தேய்க்கிறான். தாத்தா என்பதற்கு மூன்று விரல்களை நெற்றியில் வைத்து விபூதிப் பட்டை போடுகிறான். இவற்றை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் மாமியாருக்கோ இது பிடிக்கவில்லை. "கையாலேயே காரியம் நடந்துவிட்டால் வாயை எதற்குத் திறக்கப் போகிறான்?" என்கிறார். சொல்லிக் கேட்டால்தான் தருவேன் என்று பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பேரன் மீதுள்ள பாசத்தால்தான் செய்கிறார் என்பதால் கடிந்து பேசவும் மனம் வரவில்லை. ஜூனில் விளையாட்டுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அங்கே இந்தியும் ஆங்கிலமும்தான். வீட்டில் தமிழை நிறுத்திவிடச் சிலர் சொல்கிறார்கள். பேச்சோடு சேர்த்துக் காட்டும் மேக்கட்டன் சைகை முறையைக் கற்பிப்பதா, இந்தியச் சைகை மொழி கற்பிப்பதா என்பதிலும் குழப்பம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

தாணே_பயிற்சியாளர்:

நான் பேச்சு, மொழிப் பயிற்சியாளராகப் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காத குழந்தையைப் பற்றி முடிவு சொல்ல இயலாது, பொதுவாகச் சொல்கிறேன். ஒலிகள் எங்கே எப்படித் தடுமாறுகின்றன என்று கணிப்பதற்கே குழந்தை ஓரளவு பேசியாக வேண்டும் என்பதால், மூன்று வயதுக்கு முன் அப்ராக்சியாவை உறுதிப்படுத்துவது கடினம். 'ஐயம்' என்ற அளவில் உங்கள் பயிற்சியாளர் நிறுத்தியிருப்பது சரியே. அதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மாமியாரின் அச்சம் எனக்குப் பழக்கமானது. மில்லர், லைட், ஷ்லாசர் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், சைகை அல்லது படக் கருவிகளைப் பயன்படுத்தியவர்களில் நம்பத்தக்க தரவு கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சிறிதளவேனும் கூடியது. அவர்கள் வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்கள், எல்லோரும் அப்ராக்சியா உள்ளவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் காரணம் எளிது: பேச்சைவிட விரைவான வழி வேறில்லை, ஆகவே முடிந்தால் குழந்தை பேசத்தான் செய்யும். பிஸ்கட்டைப் பிடித்துவைத்துக் கட்டாயப்படுத்தும்போது பதற்றம்தான் கூடும். பதற்றத்தில் வாயசைவு இன்னும் சிதறும். அவன் சைகை காட்டிய உடனே கொடுங்கள். கொடுக்கும்போது முகத்துக்கு நேராக ஒருமுறை தெளிவாக 'பிஸ்கட்' என்று சொல்லுங்கள், திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள்.

தமிழை நிறுத்த வேண்டாம். இரண்டு மொழிகள் கேட்பதால் இந்தச் சிக்கல் வருவதில்லை. தொடக்கப் பயிற்சிக்குத் தமிழ் வசதியான மொழியும்கூட: வா, போ, தா, பூ என ஓரசையிலேயே முழுப் பயனுள்ள சொற்கள் கிடைக்கின்றன. உதட்டசைவைப் பார்க்கவைத்து, சேர்ந்து சொல்லி, மெல்ல நம் குரலைக் குறைத்துக்கொண்டு அவனைத் தனியே சொல்லவிடுவதுதான் முறை. வாரம் ஒருமுறை நீண்ட நேரம் செய்வதைவிட, மூன்று முதல் ஐந்து முறை குறுகிய நேரம் செய்வது பலன் தரும். ஊதல் ஊதவும் உறிஞ்சுகுழலில் உறிஞ்சவும் பழக்கி மாதக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. அவற்றால் பேச்சு வரும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

மாட்டுங்கா_பாட்டி:

அம்மா, உங்கள் மாமியாரிடம் ஆராய்ச்சியைக் காட்டி வாதாடாதீர்கள். என் மருமகள் காட்டினால் நானும் கேட்கமாட்டேன். வேறொன்று கேளுங்கள். ஒன்பது மாதக் குழந்தைக்கு 'உம்மாச்சி கும்பிடு' என்று கை குவிக்கவும் 'டாட்டா' காட்டவும் கற்றுக் கொடுத்தது யார்? அப்போது வாய் திறக்காமல் போய்விடும் என்று யாராவது பயந்தோமா? அடுத்த பயிற்சிக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பயிற்சியாளர் வாயால் கேட்டால் வேறு மாதிரி காதில் விழும். பிறகு 'இன்னும்', 'போதும்' ஆகிய இரண்டையும் ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் அவர் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள். பேரன் 'இன்னும்' காட்டி ரசம் சாதம் கேட்டால் எந்தப் பாட்டியும் இல்லையென்று சொல்லமாட்டாள்.

டோம்பிவிலி_அப்பா:

உங்கள் மகனைப் போலவே சைகையில் தொடங்கிய என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. வெளியாட்களுக்கும் புரியும்படி பேசுகிறாள். ஒரு சொல் வாயில் நிலைத்ததும் அதற்கான சைகை தானாகவே உதிர்ந்தது. தூக்கக் கலக்கத்திலும் அழுகையிலும் மட்டும் கைகள் இன்னும் வருகின்றன.

மேக்கட்டன் 1970களில் இங்கிலாந்தில் உருவானது. முழு வாக்கியத்தையும் பேசிக்கொண்டே முக்கியச் சொற்களுக்கு மட்டும் சைகை காட்டும் முறை அது. இந்தியச் சைகை மொழி தனக்கென இலக்கணம் உள்ள முழு மொழி. காது கேட்கும் குழந்தைக்கு மேக்கட்டன் முறையே வசதி என்பது என் கருத்து. தேவைப்படும் சைகைகளை தில்லியிலுள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் பத்தாயிரம் சொற்களாக விரிவாக்கிய அகராதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். விரல்கள் சரியாக மடங்கவில்லையே என்று திருத்த வேண்டாம். தோசைக்கும் தாத்தாவுக்கும் அவன் கண்டுபிடித்தவை அப்படியே இருக்கட்டும். பொருள்களின் பெயர்களைவிட 'வலிக்கிறது', 'உதவி', 'வேண்டாம்' ஆகியவை பள்ளியில் அவசியம்.

ஆசிரியைக்கு அச்சிட்ட படங்கள் பயன்படவில்லை. மகள் செய்வதையே ஒவ்வொன்றாகக் கைபேசியில் பதிவு செய்து அனுப்பினோம், அதன் பிறகே ஆயாவும் புரிந்துகொண்டார். அவளுடைய சைகைகள் எந்தப் பேச்சு மொழியையும் சாராததால், மராத்தி பேசும் ஆயாவுக்கும் தமிழ் பேசும் பாட்டிக்கும் ஒரே பதிவு போதுமாக இருந்தது.

இரண்டாவது கருத்துக் கேட்க விரும்பினால், பாந்திராவில் பேச்சு, செவித்திறன் குறைபாடுகளுக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் உள்ளது. செம்பூரிலிருந்து ஹார்பர் தடத்தில் வடாலாவில் வண்டி மாறிச் செல்லலாம். பெரா அறிக்கையுடன், வீட்டில் இயல்பாக விளையாடும்போது எடுத்த ஒளிப்பதிவையும் கொண்டுசெல்லுங்கள். புது இடத்தில் இந்தக் குழந்தைகள் வாயை மட்டுமல்ல, கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.