வோர்கல் முத்திரைப் பணம்: ஊரை மீட்டது பணத்தின் வேகமா, வரி பாக்கியா?

செங்கழனி:
பணம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எத்தனை கை மாறுகிறது என்பதே முக்கியம். இதற்கு ஆஸ்திரியாவின் வோர்கலைவிடத் தெளிவான சான்று இல்லை. நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊர். 1932 ஜூலை இறுதியில் மேயர் உண்டர்குகன்பெர்கர், ஊருக்குள் பணம்போலச் செல்லும் 1, 5, 10 ஷில்லிங் (அன்றைய ஆஸ்திரியப் பணம்) சீட்டுகளை வெளியிட்டார், நகராட்சிப் பணிகளுக்குக் கூலியாகக் கொடுத்தார். மாதந்தோறும் சீட்டின் மதிப்பில் 1 சதவீதத்துக்கு முத்திரை வாங்கி ஒட்டினால்தான் அது முழு மதிப்புக்குச் செல்லும். அதனால் யாரும் பதுக்கவில்லை. புழக்கத்தில் இருந்தது சராசரியாக ஐயாயிரத்துச் சொச்சம் ஷில்லிங்தான். ஆனால் சாலை, பாலம், பனிச்சறுக்குத் தாவுமேடை என்று சுமார் 1 லட்சம் ஷில்லிங்குக்குப் பணிகள் நடந்தன.

வரவுசெலவு:
எண்கள் சரி, முடிவு சரியில்லை. 1 லட்சத்தை ஐயாயிரத்துச் சொச்சத்தால் வகுத்தால் இருபதைத் தொடாது. நகராட்சிக் கஜானாவிலிருந்து சீட்டு வெளியே போன தடவை அவ்வளவே. கடைக்குக் கடை எத்தனை முறை மாறியது என்பதை யாரும் எண்ணவில்லை. முத்திரைச் செலவுக்கு அஞ்சிய வணிகர்கள் சீட்டை நேராக வரி பாக்கிக்குக் கட்டினார்கள், சிலர் அடுத்த வரியையும் முன்கூட்டியே கட்டினார்கள். பாக்கி வசூலானதால் வேலை நடந்தது. அது தீர்ந்தபின் என்ன செய்வது? முன்பே வந்துவிட்ட வரி, அடுத்த ஆண்டு வரவில் துண்டு விழும்.

செங்கழனி:
வரி பாக்கி ஏன் சேர்ந்தது? 1931 மே மாதம் ஆஸ்திரியாவின் பெரிய வங்கியான கிரெடிட்அன்ஸ்டால்ட் நொடித்தது. மந்தம் முற்றி விலைகள் இறங்கின, பணத்தைச் சும்மா வைத்திருப்பதே லாபமாயிற்று. கூலி கிடைத்தவர் கடைக்குப் போனார், கடைக்காரர் வரி கட்டினார். அந்தச் சுற்று தொடங்காமல் வசூல் எங்கிருந்து வந்திருக்கும்?

பத்தாயம்:
இருவருமே ஈட்டை விட்டுவிட்டீர்கள். சீட்டுக்கு நிகரான ஷில்லிங் உள்ளூர் ரைஃபைசன் வங்கியில் இருந்தது. 2 சதவீதம் கழித்துக்கொண்டு மாற்றித் தருவார்கள். முத்திரை மாதம் 1 சதவீதம் என்பதால், இரண்டு மாதத்துக்கு மேல் கையில் தேங்குமென்றால் மாற்றிவிடுவதே மலிவு. வெளியூரில் சரக்கெடுக்கும் கடைக்காரர் இந்த வழி இருந்ததால்தான் துணிந்து வாங்கினார். அது இல்லாமல் சீட்டு மட்டும் அச்சடித்தால், கடைசியில் மளிகைக் கல்லாவில்தான் குவியும்.

வரவுசெலவு:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது விலை இறங்கும் காலத்து மருந்து. இன்று நம் ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கே 4 சதவீதம். தாள் தானாகவே தேய்கிறது. 2020 அக்டோபரில் சீனாவின் ஷென்சென்னில் 50,000 பேருக்குத் தலா 200 யுவான் டிஜிட்டல் பணம் கொடுத்தார்கள், அதைச் செலவழிக்க ஒரு வாரம் கெடு. எப்படியும் வாங்கவிருந்த அரிசியை அதில் வாங்கிவிட்டுச் சொந்தப் பணத்தைக் கணக்கில் விட்டுவைத்தால் எந்தக் கெடுவும் ஒன்றும் செய்யாது.

செங்கழனி:
வேறு பணமே இல்லாத கூலிக்காரரிடம் அப்படி விட்டுவைக்க ஒன்றும் இல்லையே. வோர்கல் சீட்டு முதலில் போனது அவர் கைக்குத்தான். பாக்கி தீர்ந்தபின் என்ன ஆகியிருக்கும் என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் அந்த ஊரில் விடை இல்லை. 1933 செப்டம்பரில் ஆஸ்திரிய மத்திய வங்கியின் எதிர்ப்பால் சீட்டு நிறுத்தப்பட்டது.