அம்பாசிடர் மார்க் 2 இன்ஜின்: வெள்ளிப் பெயின்டுக்கு அடியில் உள்ள பச்சைதான் கம்பெனி நிறமா?

வாடிப்பட்டிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்பாவின் 1971 மாடல் அம்பாசிடர் மார்க் 2. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டாக்ஸியாக ஓடியது. முகூர்த்த நாள் என்றால் அழகர்கோவிலுக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் மாறி மாறி ஓடும். அப்பா போனபிறகு பத்து வருடமாக வீட்டுக் கொட்டகையில் நின்றது. இந்தப் பொங்கல் முடிந்ததும் இன்ஜினை இறக்கிப் பிரித்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) போரிங் கடைக்கு, அதாவது சிலிண்டரைக் கடைந்து கொடுக்கும் இடத்துக்கு, அனுப்பவேண்டும்.

இப்போது நிறத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மேலே முழுக்க வெள்ளி, அதாவது அலுமினியப் பெயின்ட். சுரண்டினால் கீழே பளிச்சென்று ஒரு நீலம். இன்ஜின் மேல்மூடியான டாப்பெட் கவர் ஓரத்தில் நீலத்துக்கும் கீழே மங்கலாக ஒரு பச்சை தெரிகிறது. அம்மாவிடம் கேட்டேன். "வண்டி வந்த அன்னைக்கு பானெட்டைத் தூக்கிக் காமிச்சாரு, உள்ள பச்சையாத்தான் இருந்துச்சு" என்றார். ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் எழுதியதைப் படித்தால் பி-சீரிஸ் இன்ஜினுக்கு (அம்பாசிடரில் இருப்பதும் அந்த வகைதான்) மெரூன் என்று இருக்கிறது. என் தம்பியோ, "வெள்ளியவே அடிச்சிருண்ணே, போல்ட்டுக்கு எல்லாம் குரோம் போட்டா ஜம்முனு இருக்கும்" என்கிறான். பெயின்டர் பட்டி பார்த்து, டூ-பேக் (இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்து, மேலே கிளியர் கோட்டும் கொடுக்கிறேன் என்கிறார்.

எனக்கு, அப்பா வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

1100 டிலைட்:

என் ஃபியட்டிலும் இதே கதைதான். அந்தக் காலத்துப் பட்டறைகளில் இன்ஜின் வேலை முடிந்தால் ஒரு கை வெள்ளி அடித்துத்தான் வெளியே விடுவார்கள். ஆக வெள்ளி கம்பெனி நிறம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். நிறம் எதுவானாலும் 600 டிகிரி தாங்கும் ஹீட் பெயின்டாக வாங்குங்கள். சாதாரண எனாமல் அடித்தால் சூட்டில் உரிந்துவிடும்.

செல்லூர் பட்டறை:

வாடிப்பட்டித் தம்பி, முதல் வேலையாக அந்தத் திங்கட்கிழமையைத் தள்ளிப்போடுங்கள். போரிங் கடையில் பிளாக்கைக் காஸ்டிக் சோடா தொட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கழுவுவதற்கு அதுதான் சரியான முறை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெளியே எடுக்கும்போது வெறும் இரும்புதான் இருக்கும். நீங்கள் தேடுகிற பச்சை தொட்டியின் அடியில் சேறோடு சேறாகப் போயிருக்கும்.

முப்பத்தைந்து வருடம் இன்ஜின் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மெரூன் என்று அவர்கள் எழுதியது பொய்யில்லை, அது வேறு காருக்கு. உங்கள் 1489 சிசி இன்ஜினும் எம்.ஜி.பி. காரின் 1798 சிசி இன்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். எம்.ஜி.பி.க்கு முதலில் மெரூன் பூசினார்கள், பிற்பாடு கருப்புக்கு மாறினார்கள். மோரிஸ் கார்களில் பச்சை உண்டு. இன்ஜின் ஒரே குடும்பம் என்றாலும், எந்த வண்டிக்குப் போகிறதோ அதைப் பொறுத்து நிறம். உங்களுடையது உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸில் தயாரானது. அதனால் இங்கிலாந்தில் விற்கும் எந்த டப்பாவையும் நம்பி வாங்காதீர்கள். உங்கள் பிளாக்கிலேயே பதில் இருக்கிறது.

கை படாத இடமாகத் தேடவேண்டும். டைனமோ பிராக்கெட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். இன்ஜின் மவுண்டிங் தகட்டின் பின்பக்கம், வாட்டர் பம்ப் போல்ட்டின் வாஷருக்கு அடியில், டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் பள்ளம், இங்கெல்லாம் பட்டறைக்காரன் பிரஷ் போயிருக்காது. மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். தின்னர் வேண்டாம், பழைய எனாமலைச் சுருட்டிவிடும்.

மூன்று நிறமும் இருக்கிற இடம் ஒன்றில், காலணா அகலத்துக்கு 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். நடுவில் இரும்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற மாதிரி வளையம் வளையமாக வரும். வெளிவட்டம் வெள்ளி, அப்புறம் நீலம், அப்புறம் பச்சை. இரும்பை ஒட்டி உள்ளே இருக்கும் வளையம்தான் முதல் பூச்சு. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே கறுப்பாக மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தால் அது எண்ணெய் அழுக்கு. அப்படியானால் பச்சையோடு வண்டி பல வருடம் ஓடியிருக்கிறது, அதற்குப் பிறகுதான் நீலம் ஏறியிருக்கிறது.

நிறத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பெயின்ட் எங்கே நிற்கிறது என்பது. அதை யாரும் பார்ப்பதில்லை. பிராக்கெட் அடியிலும் பச்சை இருந்தால், பிராக்கெட்டை மாட்டுவதற்கு முன்னாலேயே பூசிவிட்டார்கள் என்று அர்த்தம். மேனிஃபோல்டை (இன்ஜினோடு சேரும் காற்று, புகைக் குழாய்கள்) பிடிக்கும் ஸ்டட்டுகளின் அடிப்பகுதியில் பச்சைத் தூவல் இருந்தால், மேனிஃபோல்டும் பிற்பாடுதான் ஏறியது, அதில் பெயின்டே படவில்லை. டாப்பெட் கவரின் கேஸ்கெட் விளிம்பில் பச்சை படிந்திருந்தால், கவரைப் பூட்டியபிறகு எல்லாவற்றையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். அப்போது கவரின் போல்ட் தலையும் பச்சையாகத்தான் இருக்கவேண்டும். இன்றைக்கு நாம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றி அழகாக அடித்து, போல்ட்டைப் பளபளவென்று பூட்டுகிறோம். அது கம்பெனி வேலை மாதிரி இருக்காது. கழற்றுவதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மிச்சம் இருப்பதையாவது இன்றே எடுங்கள்.

பட்டி வேண்டவே வேண்டாம். வார்ப்பு இரும்பில் மண் அச்சின் சொரசொரப்பு இருக்கும், விரல் வைத்தால் பனங்கிழங்குத் தோல் மாதிரி நெருடும். கம்பெனியில் அதை அப்படியேதான் விட்டார்கள். பட்டி பூசி வழவழப்பாக்கி கிளியர் கோட் அடித்தால் பீரோ கதவு மாதிரி ஆகிவிடும். சிந்தெடிக் எனாமல், அரைப் பளபளப்பு, மெல்லிய இரண்டு கோட்.

டிலைட் அண்ணே, ஹீட் பெயின்ட் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. தண்ணீர் ஓடுகிற பிளாக் 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், நல்ல எனாமல் அதைத் தாங்கும். 600 டிகிரி பெயின்ட் சிலிக்கோன் சேர்ந்தது. அது இறுகுவதற்கே 200 டிகிரி அளவு சூடு வேண்டும். பிளாக்கில் அந்தச் சூடு வராது, கடைசிவரை இளகலாகவே இருந்து பெட்ரோல் பட்ட இடத்தில் துணியோடு வந்துவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மட்டும்தான் அது சரி. அதுவும் கம்பெனியில் இருந்து வெறும் வார்ப்பாக வந்த பொருள்தான். துருவைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றால் சாண்ட் பிளாஸ்ட் செய்து, வார்ப்பு இரும்பு நிறத்தில் மெல்லிசாக அடியுங்கள்.

கார்ப்ரேட்டர் எஸ்.யூ. கம்பெனியுடையது என்றால் பெயின்டே கூடாது, அலுமினியம் அலுமினியமாகவே இருக்கட்டும். இதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். பட்டறை தொடங்கிய புதிதில், இரும்புச் சாமான்களோடு ஒரு கார்ப்ரேட்டர் பாடியையும் காஸ்டிக் தொட்டியில் போட்டுவிட்டேன். நுரை பொங்கியது. எடுத்துப் பார்த்தால் கன்னங்கரேல் என்று, மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதனாலேயே இன்றுவரை மனதில் நிற்கிறது. உங்கள் அலுமினியச் சாமான் எதுவும் அந்தத் தொட்டிப் பக்கம் போகவேண்டாம்.

குரோம் பற்றித் தம்பியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வெளி போல்ட்டுக்கு ஜிங்க் போதும், அதுவும் மங்கலான வெள்ளை. ஹெட் ஸ்டட், கனெக்டிங் ராடு போல்ட் இவற்றை எந்தப் பிளேட்டிங்குக்கும் கொடுக்காதீர்கள். கெட்டி எஃகை ஆசிடில் முக்கினால் ஹைட்ரஜன் உள்ளே இறங்கி, இழுவையில் ஒருநாள் பட்டென்று முறியும்.

திருநகர் ஆய்வகம்:

செல்லூர் ஐயா சொன்னதில் ஒரே ஒரு சேர்க்கை. கல்லூரி வேதியியல் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். பிராக்கெட் அடியில் மூடிக்கிடந்த பெயின்டை அப்படியே கடையில் காட்டி நிறம் கலக்காதீர்கள். அந்தக் கால எனாமல் எண்ணெய் சேர்ந்த அல்கிட் வகை. வெளிச்சம் படாமல் இருட்டில் கிடந்தால் அது மஞ்சளடிக்கும், சூடும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாக. அந்த மஞ்சள் பச்சையில் ஏறினால் பாசிப்பயறு நிறமாகத் தெரியும். துண்டைச் சில நாள் நல்ல வெயிலில் வைத்தால் இருட்டில் ஏறிய மஞ்சள் பெரும்பாலும் இறங்கிவிடும். நம் ஊர் மாசி வெயில் போதும்.

செல்லூர் பட்டறை:

இது எனக்கும் புதுசு, ஐயா. மூடின இடத்து நிறம்தான் அசல் என்று இத்தனை வருடம் அப்படியே கலக்கிக் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் மஞ்சளாகத்தான் வந்திருக்கும் போல.

வாடிப்பட்டிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. போரிங் கடைக்குப் போன் போட்டு இரண்டு வாரம் தள்ளிவிட்டேன்.

நேற்று இரவு டைனமோ பிராக்கெட்டைக் கழற்றினேன். அடியில் முழுப் பச்சை, நீலமும் இல்லை வெள்ளியும் இல்லை. பிளாக்கின் பக்கத்தில் செல்லூர் அண்ணன் சொன்னபடி தேய்த்ததில் வளையம் அழகாக வந்தது. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே கறுப்புக் கோடும் இருக்கிறது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்துவிட்டு, "இதேதான்" என்றார். கொஞ்ச நேரம் அந்த இடத்தையே தொட்டுக்கொண்டு இருந்தார்.

டாப்பெட் கவர் போல்ட் தலை ஆறேழு முறை ஸ்பானர் பட்டு மழுங்கியிருக்கிறது. ஆனால் வாஷருக்கு அடியில் பெயின்ட் இல்லை, வாஷரின் மேல் இருக்கிறது. பூட்டியபிறகு அடித்தது என்றுதானே அர்த்தம்? மேனிஃபோல்டு ஸ்டட்டில் இரண்டின் அடியில் பச்சைப் புள்ளிகள். எக்ஸாஸ்டில் ஒன்றும் இல்லை.

கேஸ்கெட் விளிம்போடு எடுத்த ஒரு சின்னத் தகட்டை மாடியில் வெயிலில் வைத்திருக்கிறேன், பாதியை அட்டையால் மூடி. நாலு நாளிலேயே இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிகிறது. மூடாத பாதி நல்ல வேப்பிலைப் பச்சையாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் கலக்கக் கொடுக்கப் போகிறேன். குரோமுக்கு ஆசைப்பட்ட தம்பிதான் தினமும் காலையில் மாடி ஏறிப் பார்க்கிறான்.

இது என் 1971 வண்டிக்கு மட்டும். வேறு வருட மாடல் வைத்திருப்பவர்கள் அவரவர் பிராக்கெட்டைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கேள்வி பாக்கி. போரிங் முடிந்து வந்தபிறகு, கவர் எல்லாம் பூட்டித்தான் அடிக்கவேண்டும் என்றால், உள்ளே பெயின்ட் போகாமல் எப்படி அடைப்பது?

செல்லூர் பட்டறை:

ஆமாம் தம்பி, பூட்டியபிறகு அடித்ததுதான். மேனிஃபோல்டு போர்ட், வாட்டர் பம்ப் வாய், டிஸ்ட்ரிபியூட்டர் பள்ளம், இவற்றுக்கு அட்டையை அளவாக வெட்டிப் பழைய கேஸ்கெட்டோடு சேர்த்து இரண்டு போல்ட்டில் இறுக்குங்கள். பிளக் ஓட்டைக்குப் பழைய பிளக்கையே போடுங்கள். துணி திணிக்காதீர்கள், நூல் ஒன்று உள்ளே போனாலும் ஆயில் ஸ்ட்ரெய்னரில் போய் நிற்கும். போல்ட் இறங்கும் துளைகளில் கிரீஸ் தொட்டு வையுங்கள். அடிக்கும் நாளில் வீட்டுக்கு முன்னால் வாசல் தெளிப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள், தூசி இல்லாமல் இருக்கும். முதல் கோட் காய்ந்ததும் போன் போட்டோ ஒன்று போடுங்கள், பார்க்கவேண்டும்.