கைக்குழந்தையோடு ஸ்டுட்கார்ட்டில் ஒரு வருடம்

கணவருக்கு வெளிநாட்டில் வேலை, குழந்தைக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை, கூடப் போவதா அம்மா வீட்டிலேயே இருந்துவிடுவதா என்று குழம்புகிற பெண்களுக்கு என் பதில்: போங்கள். நாங்கள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு வருடம் போல இருந்தோம். கைக்குழந்தை இருந்ததால்தான் அந்த ஊரில் எனக்கு நாலு பேரைத் தெரிந்தது.

கிளம்பும்போது மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. மதுரையில் மாமியார், அம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆள் மாற்றி ஆள் தூக்கி வளர்த்த பிள்ளை. விமானப் பயணத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். அது எளிதாகவே முடிந்தது. தொட்டில் மாட்டும் முன்வரிசை இருக்கையை முன்பே கேட்டு வாங்கியிருந்தோம். இறங்கும்போது காது அடைக்காமல் இருக்கப் பால் கொடுத்தேன். பிராங்பர்ட்டிலிருந்து ரயில். அங்கே நீண்டதூர ரயில்களில் சிறு குழந்தையோடு வருகிறவர்களுக்குத் தனி அறை உண்டு, முன்பதிவிலேயே கேட்கலாம்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். இவர் காலையில் அலுவலகம் போய்விட்டால் சாயங்காலம் வரை நானும் அவளும் மட்டும்தான். பேச ஆளில்லை. சரி என்று தினமும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன். ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணம் போலப் பள்ளத்தில் இருக்கிற ஊர். சுற்றிலும் மலைச்சரிவு, அந்தக் காலத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போன படிக்கட்டுப் பாதைகளே 400க்கு மேல் இருக்கின்றன. வண்டியோடு படி முன்னால் நின்றால் போதும், யாராவது வந்து முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடப் பையன், கோட் போட்ட பெரியவர், யாராக இருந்தாலும் சரி. மேலே ஏற்றிவிட்டு, குழந்தையைப் பார்த்து ஒரு சிரிப்பு, போய்விடுவார்கள். டிராமில் ஒரு அம்மா கைக்குட்டையை நீட்டி மகளின் கன்னத்தைக் காட்டினார். திருஷ்டிப் பொட்டை அழுக்கு என்று நினைத்திருக்கிறார். கண் படாமல் இருக்க எங்கள் ஊர் வழக்கம் என்று சொன்னதும், தன் பேத்தி படத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தவர் நான் இறங்கும்வரை நிறுத்தவில்லை.

எங்கள் கட்டடத்துப் பாட்டியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் 'கேர்வோகே' என்று ஒரு வழக்கம். மாடிப்படியையும் வாசலையும் குடியிருப்பவர்கள் வாரம் ஒருவராக முறை வைத்துப் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். எங்கள் கதவில் முதல்முறை தொங்கியபோது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே பெருக்கிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து பார்த்தார். நான் பெருக்குகிறேன் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையைக் கேட்டார். நான் துடைத்து முடிக்கும்வரை படியிலேயே உட்கார்ந்து, சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஜெர்மன் வராது, அவருக்கு ஆங்கிலம் வராது. அதற்கப்புறம் எங்கள் முறை வரும் வாரமெல்லாம் அவரே வந்து அவளை வாங்கிக்கொள்வார். அம்மா வீட்டில் இருந்தது போல என் மனசு லேசானது அங்கேதான்.

தடுப்பூசி அட்டையைப் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையிலேயே இருக்கட்டும். அங்கே குழந்தைப் பரிசோதனைகளுக்கு மஞ்சள் அட்டை போட்ட ஒரு புத்தகம் உண்டு. பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் செய்வது ஆறாவது பரிசோதனை. மகளின் இடது தோளில் இருந்த பிசிஜி, அதாவது காசநோய்த் தடுப்பூசித் தழும்பை மருத்துவர் நின்று பார்த்தார். 1998 முதல் அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் அதைப் போடச் சொல்வதில்லை. தட்டம்மை ஊசி அங்கே பதினோராம் மாதத்தில்தான் ஆரம்பம். நம் ஊரில் ஒன்பது மாதத்திலேயே போட்டிருந்தது அட்டையில் தெளிவாக இருந்ததால், அடுத்ததை ஒரு வயது முடிந்ததும் போட்டார்கள். பகல்நேரக் காப்பகத்தில் சேர்க்கவும் அந்த அட்டை தேவை. 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசிக்குச் சான்று காட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வைட்டமின் டி சொட்டு மருந்தையும் விடாமல் கொடுக்கச் சொன்னார்கள். டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற ஊர், வேறு வழியில்லை.

சாப்பாட்டுக்கு ஈழத்தமிழர் கடை கைகொடுத்தது. கூழ் மாவு தீர்ந்துபோய் அரிசி நொய் தேடிப் போனபோது, கடைக்கார அண்ணன், "பிள்ளைக்கோ? அப்ப குரக்கன் மாவும் கொண்டுபோங்கோ தங்கச்சி" என்று எடுத்துவைத்தார். நம் கேழ்வரகைத்தான் அவர்கள் குரக்கன் என்கிறார்கள். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, தன் பிள்ளைகளைப் பனியில் வளர்த்த கதையெல்லாம் சொன்னார். மேலே ஒரே தடித்த கம்பளிக்குப் பதில் மெல்லிய துணிகளாக அடுக்கிப் போடச் சொன்னதும், கார் இருக்கையில் பெல்ட் போடும்போது பருத்த கோட்டைக் கழற்றச் சொன்னதும் அவர்தான். வார் உடம்போடு ஒட்டி இருந்தால்தானே பிடிக்கும்?

ஒன்று மட்டும். முடிந்தால் குளிருக்கு முன்னாலேயே போய்விடுங்கள். நாங்கள் செப்டம்பரில் போனோம். பூங்கா மணல் தொட்டிகளில் அம்மாக்கள் உட்கார்ந்திருக்கும் நேரம், தானாகப் பழக்கம் வந்தது. டிசம்பரில் வந்த இன்னொரு தமிழ்க் குடும்பத்துப் பெண் மார்ச் வரை வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போனாள். தேதியைத் தள்ளவே முடியாது என்றால், போய்ச் சேர்ந்த வாரமே தேவாலயங்களிலும் சமூகக் கூடங்களிலும் நடக்கும் தவழும் குழந்தைகளுக்கான வாராந்திரச் சந்திப்பை விசாரியுங்கள். அந்தப் பெண்ணை நான் அங்கேதான் கூட்டிப்போனேன்.