‘ஆட்சியைக் கைப்பற்றியது’ என்பதற்கு ‘சீஸ்ட் பவர்’ சரியா?

கொட்டாஞ்சேனை வாசகன்:
தமிழ்ப் பத்திரிகைச் செய்திகளை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது ஒரு சிக்கல். “1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது” என்பதை ‘சீஸ்ட் பவர்’ எண்டு எழுதினால் பிழையாம். ‘கேம் டு பவர்’ எண்டுதான் வரவேணுமாம். கைப்பற்று எண்டால் சீஸ்தானே? மற்றது, ‘டேக் த ரெய்ன்ஸ்’ எண்டு வந்தால் தமிழில் ‘கடிவாளத்தைப் பிடித்தார்’ எண்டு போடலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

புதுக்கடை மொழிபெயர்ப்பு:
உங்களுக்குச் சொன்னவர் சரியாத்தான் சொல்லியிருக்கிறார். அகராதியில் சீஸ் எண்டால் கைப்பற்று, உண்மைதான். ஆனால் நம்மட பத்திரிகைத் தமிழில் ‘கைப்பற்று’ பல்லுப் போன சொல். பிரதேச சபையைக் கைப்பற்றினார்கள், கிண்ணத்தைக் கைப்பற்றினார்கள், எல்லாத்துக்கும் அதுதான். ஒருவருக்கும் துவக்கு ஞாபகம் வராது. ஆங்கிலத்தில் ‘சீஸ்ட் பவர்’ எண்டதும் வாசிக்கிறவர் இராணுவ வண்டியைத்தான் நினைப்பார். 1977 ஜூலையில் நடந்தது தேர்தல். 168 ஆசனங்களில் 140 கிடைத்தது. அதுக்கு ‘கேம் டு பவர்’. வெற்றியின் பருமனையும் காட்ட வேணுமெண்டால் ‘ஸ்வெப்ட் டு பவர்’. 1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சிக் கவிழ்ப்புச் செய்யப் பார்த்து முறியடிக்கப்பட்டதே, ‘சீஸ்’ அங்க பொருந்தும். அதுவும் ‘முயன்றனர்’ எண்டதோட சேர்த்து.

‘கேம் டு பவர்’ எழுதும்போது நம்மட ஆக்கள் விடுகிற பிழை இரண்டு. ஒண்டு, ‘பவர்’ எண்டதுக்கு முன்னால் ‘த’ போடுகிறது. இதில் அது வரவே வராது. மற்றது காலம். ஆட்சிக்கு வருவது ஒரு நாளில் முடிகிற காரியம்; அதோட ‘சின்ஸ் 1977’ ஒட்டாது. 1977இல் வந்தது, 1994 வரை இருந்தது. வந்ததுக்குக் ‘கேம் டு பவர்’, இருந்ததுக்கு ‘வாஸ் இன் பவர்’. தமிழில் ‘1977 முதல் ஆட்சிக்கு வந்து’ எண்டு இழுத்து எழுதுகிற பழக்கம் அப்பிடியே ஆங்கிலத்துக்கும் தொற்றிக்கொள்ளுது.

‘கேம் இன்டு பவர்’ எண்டும் எழுதுவார்கள், பிழையில்லை, ஆனால் குறைவு. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு ‘கேம் இன்டு ஃபோர்ஸ்’. இரண்டையும் குழப்பி ‘கேம் டு ஃபோர்ஸ்’ எண்டு எழுதாதேங்கோ.

வெள்ளவத்தை ஆசிரியை:
கடிவாளத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ரெய்ன்ஸ் என்பது ஓட்டுபவரின் கையில் இருக்கும் வார். கடிவாளம் என்று நாம் சொல்லும்போது குதிரையின் வாயில் கிடக்கும் இரும்புதான் முதலில் மனதில் வரும். அதனால் தமிழில் கடிவாளம் போட்டாலே அடக்குவது என்றாகிவிடும்: ‘செலவுக்குக் கடிவாளம்’, ‘வாய்க்குக் கடிவாளம்’. அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் ‘ரெய்ன் இன்’ தனியாக இருக்கிறது. ‘டூக் த ரெய்ன்ஸ்’ என்பதில் அடக்குவது இல்லை, நடத்தும் பொறுப்பு கைக்கு வந்தது என்பதுதான். ‘பொறுப்பேற்றார்’ என்றால் போதும். படிமம் வேண்டுமென்றால் ‘ஆட்சிக் கட்டில் ஏறினார்’. (கட்டில் என்றால் இங்கே அரியணை. ‘அரசு கட்டிலில் துஞ்சிய’ பாண்டியனைப் படுக்கையில் இறந்தவராக மொழிபெயர்க்க வேண்டாம்!) ஆனால் கட்டில் அரசுக்கு மட்டும். ரெய்ன்ஸ் கம்பனிக்கும் கிரிக்கெட் அணிக்கும் வரும். செட்டியார் தெரு நகைக்கடை முதலாளி கடையை மகளிடம் விட்டால் ‘ஹேண்டட் ஓவர் த ரெய்ன்ஸ்’. தமிழில் ‘கடையை மகளின் பொறுப்பில் விட்டார்’. மகளை ஆட்சிக் கட்டிலில் ஏற்றினால் சிரிப்பார்கள்.

எப்போதும் பன்மையில், ‘த’ சேர்த்துத்தான் எழுத வேண்டும். தனி ‘ரெய்ன்’ வருவது ‘ஃப்ரீ ரெய்ன்’ போன்ற சில தொடர்களில்தான், அதற்கு ‘முழுச் சுதந்திரம்’ என்று பொருள்.

கொட்டாஞ்சேனை வாசகன்:
நன்றி டீச்சர், நன்றி அண்ணா. 2022இல் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானதுக்கு எது? ‘பதவியேற்றார்’, ‘கடமைகளைப் பொறுப்பேற்றார்’ எண்டு ஒரே செய்தியில் இரண்டும் வருதே.

புதுக்கடை மொழிபெயர்ப்பு:
2022 ஜூலை 20 பாராளுமன்றத்தில் 134 வாக்கு, 21ஆம் திகதி சத்தியப்பிரமாணம். ‘கேம் டு பவர்’ எண்டால் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த மாதிரி ஒலிக்கும். நானெண்டால் ‘வாஸ் இலெக்டட் பை பார்லிமென்ட்’ எண்டு நடந்ததையே எழுதுவேன்.

நீங்கள் கேட்டதில் மூண்டு நாள் ஒளிஞ்சிருக்கு. வாக்களிப்பு, சத்தியப்பிரமாணம், கதிரையில் போய் இருக்கிறது. அநுர குமார திசாநாயக்கவுக்கு வாக்களிப்பு 2024 செப்டெம்பர் 21, சத்தியப்பிரமாணம் 23. ‘பதவியேற்றார்’ எண்டது சத்தியப்பிரமாணத்தை; திகதியோட எழுதினால் அதுக்கு ‘வாஸ் ஸ்வோர்ன் இன்’, திகதி இல்லாமல் பொதுவாக எண்டால் ‘கேம் டு பவர் இன் செப்டெம்பர் 2024’. அமைச்சுக்குப் போய் குத்துவிளக்கேற்றி முதல் கோப்பில் கையொப்பம் வைக்கிறதுதான் ‘கடமைகளைப் பொறுப்பேற்றார்’, அது ‘அஸ்யூம்ட் டியூட்டீஸ்’. செயலாளருக்கும் பணிப்பாளருக்கும் இதுதான். அவர்களுக்குக் ‘கேம் டு பவர்’ போடக்கூடாது.

வெள்ளவத்தை ஆசிரியை:
ஒன்று விட்டுவிட்டேன். ரெய்ன்ஸ் என்பதன் ஆங்கில எழுத்துக்களில் ‘ஜீ’ கிடையாது. ‘ஐ’க்கும் ‘என்’னுக்கும் நடுவில் ஜீ வந்தால் அது அரசாட்சிக் காலம், உச்சரிப்பு ஒன்றே. அதுவும் உண்மையான சொல் என்பதால் கணினியின் எழுத்துப்பிழைச் சோதனை அதைச் சரியென்று விட்டுவிடும். ஆட்சியைப் பற்றிய செய்தி என்பதால் கண்ணுக்கும் பொருத்தமாகத்தான் தெரியும். அந்த ஒரு சொல்லைத் தேடிப்பார்த்துவிட்டு அனுப்புங்கள்.