வார்டில் நடப்பதை மாடலில் கொண்டுவருவது எப்படி? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு மருத்துவமனையின் மருந்து வழங்கும் மென்பொருளை வடிவமைக்கிறோம். எங்கள் வரைபடத்தில் டாக்டர், நர்ஸ், பார்மசி என்று அம்புக்குறிகள் ஒழுங்காகத்தான் போகின்றன. வார்டில் போய் நின்று பார்த்தால் வேறு கதை. நைட் டியூட்டி சிஸ்டர் மருந்தின் பெயரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு ஓடுகிறார், பக்கத்து வார்டில் கைமாற்றாக வாங்கிச் சமாளிக்கிறார். எங்கள் மென்பொருள் இந்த வழக்கத்தை அறுத்துவிட்டால் நோயாளிதான் தவிப்பார்.

ஆய்வாளர்கள் டிரிஸ்டும் பாம்ஃபோர்த்தும் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி 1951-இல் எழுதியதும் இதைத்தான்: புது இயந்திர முறை வந்ததும் ஒன்றாக உழைத்த சிறு குழுக்கள் ஷிஃப்ட் வாரியாகச் சிதறின, வேலையும் கெட்டது.

யார் யாரைச் சார்ந்திருக்கிறார் என்று காட்டும் எரிக் யூவின் ஐ-ஸ்டார் முறையில் வரைந்து பார்த்தேன். கைமாற்று வந்துவிட்டது. 'கேட்டால் கொடுப்பார்' என்ற நம்பிக்கையை எப்படிக் குறிப்பது? நெட்லோகோ மென்பொருளில் ஏஜென்ட் மாடல் (ஒவ்வொருவரையும் தனித்தனிப் பாத்திரமாக்கிக் கணினியில் இயக்கிப் பார்ப்பது) செய்தவர்கள் இருக்கிறீர்களா? சிஸ்டர்களிடம் என்னென்ன கேட்டீர்கள்? அடுத்த வாரம் வடிவமைப்பை முடிவு செய்கிறோம், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.